வற்றுப்பெருக்கை எண்ணிற் கண்ட கெல்வின் பிரபு

கடலோரத்தில் வாழ்வோர் வற்றும் பெருக்கும் அறியாதவரல்லர். ஆயினும், வரும் ஆண்டில் இன்ன நாள் இன்ன நேரத்தில் ஒரு துறைமுகத்தில் நீர் எவ்வளவு உயரும் என்று முன்னரே கூறுதல் எளிதன்று. அதனை எளிதாக்கிய அறிஞருள் முதன்மையானவர் வில்லியம் தொம்சன் என்னும் கெல்வின் பிரபு.

1824 ஆம் ஆண்டு யூன் 26 ஆந் திகதி பெல்பாஸ்ற் நகரிற் பிறந்த இவர், ஆறு வயதில் தாயை இழந்தார். கணித ஆசிரியரான தந்தையே குருவுமாயினார். பத்து வயதிற் கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் புகுந்தார். கேம்பிரிட்ஜிற் பயின்றபின், 22 ஆவது வயதிற் கிளாஸ்கோவிலேயே பேராசிரியராகி, 53 ஆண்டுகள் அப்பதவியை வகித்தார்.

அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் 1858 இல் இடப்பட்ட தந்திக்கம்பி சில வாரங்களிற் செயலற்றது. பலர் நம்பிக்கை இழந்தனர், இவர் இழந்திலர். 1866 இல் முயற்சி வெற்றிபெறவே, அரசு இவருக்குச் சேர் பட்டம் அளித்தது.

1867 இல் இவரது சிந்தை வற்றுப்பெருக்கின்பாற் சென்றது. கடல் நீரை இழுப்பவை சந்திரனும் சூரியனும். சந்திரனால் எழும் முக்கிய அலைவு 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறையும், சூரியனால் எழுவது 12 மணிக்கு ஒருமுறையும் வரும். இவை போன்ற வேறு பல அலைவுகளும் உள. ஒவ்வொன்றின் காலமும் வானநூலால் தெளிவாகத் தெரியும். அளவோ துறைக்குத் துறை வேறுபடும். ஆகவே நீர்மட்டமானி நெடுநாள் எழுதிய பதிவிலிருந்து அவ்வளவுகளைப் பிரித்தெடுத்து, மீண்டுங் கூட்டினால், வருங்கால நீர்மட்டம் புலனாகும். இதுவே இவர் வகுத்த வழி.

ஆனால் அக்கூட்டலைக் கையாற் செய்வது பெருந்தொல்லை. 1872 இல், உடன் பயணஞ் செய்த பீச்சம் டவர் என்னும் பொறியியலாளர் கூறிய யோசனையைக் கொண்டு யந்திரமொன்றை அமைத்தார். பத்துக் கப்பிகள், பத்து அலைவுகளுக்கேற்ப ஏறி இறங்கும். அவற்றைச் சுற்றிச் செல்லும் ஒரே கயிறு எல்லாவற்றையுங் கூட்டி, நுனியிலுள்ள எழுதுகோலாற் கடதாசியிற் கோடு வரையும். ஓராண்டின் வற்றுப்பெருக்கு ஏறக்குறைய நான்கு மணியில் முடிந்தது. பின்னர் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே 1879 இல் ஒரு யந்திரம் செய்யப்பட்டது.

பெரியோரும் தவறுவர். பூமியின் வயது நான்கு கோடி ஆண்டுக்கு மேற்படாதென இவர் இறுதிவரை வாதித்தார்; உண்மையோ ஏறக்குறைய 454 கோடி ஆண்டாகும். பூமியினுள் எழும் வெப்பத்தையும் உட்பாறையின் ஓட்டத்தையும் அக்கணக்கு அறியாதது. அடிப்படை குறைந்தால் அழகிய கணிதமும் பிழைக்கும் என்பதற்கு இதுவே சான்று.

1892 இல் பிரபுவான இவர், 1907 திசெம்பர் 17 இல் மறைந்தார்; வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்தில் நியூற்றனுக்கு அருகில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

1992 இல் ஏவப்பட்ட தொபெக்ஸ் பொசைடன் என்னுஞ் செயற்கைக்கோள், நடுக்கடலின் மட்டத்தையும் வானிலிருந்து அளந்தது. அது ஓரிடத்துக்குத் திரும்ப ஏறக்குறைய பத்து நாள் செல்லும். இடையில் கடல் பத்தொன்பது முறை ஏறி இறங்கிவிடும்! ஆயினும் அலைவுகளின் காலம் முன்னரே தெரிந்தமையால், சிதறிய அளவுகளிலிருந்தும் அவற்றைப் பிரித்தறிய முடிந்தது. யந்திரம் பழமையாயிற்று, வழி பழமையாகவில்லை.

இளைஞர்களே! தோல்வியிற் சோராத ஊக்கமும், பிறர் யோசனையை ஏற்கும் பணிவும் இவரிடத்து நாம் கொள்ளத்தக்கன. தம் கணக்கை மீளாய்வு செய்யத் தயங்கிய குறையோ நாம் தள்ளத்தக்கது.