தனக்கென ஒதுக்கிய நேரம்

திருநெல்வேலிக்கு அருகே உள்ள பத்தமடை, கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூரில் 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் குப்புசாமி பிறந்தார். பின்னாளில் உலகம் அவரைச் சுவாமி சிவானந்தர் என்று அறிந்தது. ஆனால், இளமையில் அவர் தேர்ந்தெடுத்தது துறவறத்தை அன்று, மருத்துவத்தை.

தஞ்சாவூரில் மருத்துவம் பயின்ற குப்புசாமி, உடல்நலம் பற்றிய அறிவு மக்களிடையே பரவ வேண்டும் என விரும்பினார். அதற்காக ‘அம்ப்ரோசியா’ என்னும் மருத்துவ இதழை நடத்தினார். 1913ஆம் ஆண்டு கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். சிரம்பானுக்கு அருகில் இருந்த ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்தது.

அக்காலத்தில் மலேரியா முதலிய நோய்கள் தோட்டத் தொழிலாளர்களை வாட்டின. நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பது, மருந்துகளின் இருப்பைப் பார்ப்பது, கணக்கு எழுதுவது எனப் பல பொறுப்புகள் அவருடைய தோள்மீது விழுந்தன. ஒரு கட்டத்தில் வேலையை விட்டுவிடலாமா என்றுகூட அவர் எண்ணினார். எனினும், தொடர்ந்து உழைத்தார். ஏழை நோயாளிகளிடம் பணம் வாங்காமல் சிகிச்சை அளித்தார். இத்தனை வேலைகளுக்கு நடுவிலும் வழிபாட்டுக்கும் யோகப் பயிற்சிக்கும் நூல் வாசிப்புக்கும் நேரம் ஒதுக்கினார்.

ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, ஜொகூருக்குச் சென்று மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். நல்ல வருமானமும் பெயரும் இருந்தன. ஆனால், உடல் நோயைத் தீர்த்தால் மட்டும் மனிதனின் துன்பம் தீர்ந்துவிடுமா என்ற கேள்வி அவரை விடவில்லை. 1923ஆம் ஆண்டு அனைத்தையும் விட்டு இந்தியா திரும்பினார். அடுத்த ஆண்டு, கங்கைக் கரையில் உள்ள ரிஷிகேசத்தில் துறவு பூண்டார்.

துறவியான பின்பும் அவருக்குள் இருந்த மருத்துவர் ஓய்வு பெறவில்லை. நோயுற்ற துறவிகளையும் இமயமலைக்குச் செல்லும் யாத்திரிகர்களையும் கவனிக்க, 1927ஆம் ஆண்டு இலட்சுமண் ஜூலாவுக்கு அருகே இலவச மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். நாள் முழுவதும் பிறருக்கு உழைத்தால் தன் பயிற்சிகள் நின்றுவிடும். தன் பயிற்சிகளிலேயே மூழ்கினால் நோயாளிகள் தவிப்பார்கள். இரண்டில் எதையும் கைவிட அவருக்கு மனமில்லை.

எனவே, அவர் நாள்முழுமைக்கும் கால அட்டவணை வகுத்துக்கொண்டார். அதிகாலையில் எழுந்து தியானம் செய்தார். ஆசனங்களையும் மூச்சுப் பயிற்சியையும் தவறாமல் செய்தார். நோயாளிகளுக்கும் எழுத்துப் பணிக்கும் தனித்தனி நேரம் வைத்திருந்தார். பார்க்க வருபவர்களுடன் சுருக்கமாகவே பேசினார். சில வேளைகளில் மௌனம் காத்தார். அந்த அமைதியான நேரத்தை அவர் வீண் என்று கருதவில்லை. உடலும் மனமும் நலமாக இருந்தால்தான் பிறருக்கு உதவ முடியும் என்பதை மருத்துவரான அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

1936ஆம் ஆண்டு அவர் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். இருநூறுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். அவருடைய மாணவர் சுவாமி விஷ்ணுதேவானந்தர் யோகக் கலையைக் கனடாவுக்குக் கொண்டு சென்றார். சிவானந்தர் இளமையில் உழைத்த மலாயாவிலும், பத்துமலையில் அவர் பெயரில் ஓர் ஆசிரமம் அமைந்தது. 1963ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் அவர் மறைந்தார்.

எல்லாரும் தம்மைப் போல் துறவியாக வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. குடும்பத்தில் இருப்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் அவர் பரிந்துரைத்த எளிய வழிகளுள் ஒன்று, நாட்குறிப்பு எழுதுவது. எத்தனை மணிக்கு எழுந்தோம், எவ்வளவு நேரம் உறங்கினோம், எவ்வளவு நேரம் ஆசனம் செய்தோம், எவ்வளவு நேரம் அமைதியாக இருந்தோம் என்று நாள்தோறும் அதில் குறித்துவர வேண்டும். நோயாளியின் நிலையை அன்றாடம் குறித்து வைக்கும் மருத்துவரின் பழக்கம் அது. அந்த மருத்துவர் ஒவ்வொருவரையும் தம்மையே கவனித்துக்கொள்ளப் பழக்கினார்.