பொன்முடி இழந்த மல்லர்

தலைவர்கள், புலவர்கள், அறிவியல் அறிஞர்கள் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகள் கல்லூரி மலர்களில் இடம்பெறுவது வழக்கம். நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டவர் அவ்வரிசையில் சேராதவர். கோதாவில் கட்டிப் புரண்டு பிழைத்த அமெரிக்க மல்லர். மல்லர் என்றதும் திரண்ட தோளும் முரட்டுப் பார்வையும் நம் மனக்கண்முன் தோன்றும். இவரோ சுருள் சுருளான பொன்னிற முடியும், பளபளக்கும் அங்கியும், வாசனைத் தைலமுமாய்க் கோதா ஏறியவர். ஆண்மை என்பது யாது என்னும் கேள்வியை, ஒரு நாடே கூச்சலிடும்படி எழுப்பியவர். அவர்தாம் கார்ஜியஸ் ஜார்ஜ். தமிழில் சொல்வதானால் பேரழகன் ஜார்ஜ்.

இளமை

ஜார்ஜ் ரேமண்ட் வாக்னர் என்பது பெற்றோர் இட்ட பெயர். 1915ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் நெப்ராஸ்கா மாநிலத்தின் பியூட் என்னும் சிற்றூரில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் வளர்ந்தார். வறுமை காரணமாகப் படிப்பு பாதியில் நின்றது. அங்கிருந்த கிறித்தவ இளைஞர் சங்கத்தில் மற்போர் பயின்றார். பிடிகளையும் பூட்டுகளையும் செவ்வனே கற்றார். ஆயினும் அவர் உயரம் 5 அடி 9 அங்குலமே. மலைபோன்ற உடலினரைக் காணவே மக்கள் கட்டணம் செலுத்திய அத்தொழிலில், திறமை இருந்தும் அவர் பத்தோடு பதினொன்றாகவே இருந்தார்.

தொழில்முறை மற்போரின் தன்மையை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். அதில் வெற்றி தோல்வி முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. விழும் அடியும் நோவும் மெய். முடிவு மட்டும் நாடகம். நல்லவன் ஒருவன், கெட்டவன் ஒருவன் எனப் பாத்திரம் வகுத்து, கெட்டவன்மீது மக்களுக்குச் சினம் மூட்டி, அச்சினத்தைக் காசாக்குவதே தொழிலின் சூட்சுமம். ஆகவே மக்கள் யாரை வெறுத்தார்கள் என்பதைக் கொண்டு, அவர்கள் எதை அஞ்சினார்கள் என்பதை நாம் அறியலாம்.

அங்கி செய்த மாயம்

1939இல் பெட்டி ஹான்சன் என்னும் பெண்ணை ஜார்ஜ் மணந்தார். திருமணமே கோதாவின் நடுவில் நடந்தது! கணவருக்கு அழகழகான அங்கிகள் அமையத் துணை நின்றவர் இந்த அம்மையாரே. ஒரு நாள் ஜார்ஜ் தம் அங்கியைக் கழற்றிக் கசங்காமல், நிதானமாக மடித்து வைத்தார். கூட்டம் பொறுமை இழந்து கத்தியது. அவர் மேலும் மெதுவாக மடித்தார். கூச்சல் வானைப் பிளந்தது. ஒரு குத்தும் விடாமல், ஒரு துணியை மடித்தே ஓர் அரங்கை ஆட்டிவைக்கலாம் என்று அவர் கண்டுகொண்டார். கூட்டத்திலிருந்த பெண்மணி ஒருவர் வியந்து கூறிய சொல்லே அவருக்குப் பட்டப்பெயராயிற்று என்பர்.

அதன்பின் ஒப்பனை படிப்படியாக வளர்ந்தது. முடிக்கு வெளிர்பொன் நிறம் ஏற்றிச் சுருள் செய்துகொண்டார். மயிரை நிறுத்தப் பொன்னிறக் கொண்டை ஊசிகள் செருகி, கோதாவில் அவற்றைக் கழற்றி இரசிகர்களுக்கு வழங்கினார். அரச விழாக்களுக்குரிய எல்கரின் அணிவகுப்பு இசை முழங்க, ஊதா நிற ஒளியில் நடந்து வந்தார். சீருடை அணிந்த பணியாள் ஒருவர் முன்சென்று கோதா முழுவதும் வாசனைத் தைலம் தெளித்தார். நடுவர் தம் கையைத் தூய்மை செய்துகொள்ளாமல் தம் மேனியைத் தொடலாகாது என்று ஜார்ஜ் அடம்பிடித்தார். இத்தனை நளினமும் மணியோசை கேட்கும் வரைதான். கேட்டதும் ஏமாற்று வேலைகள் அத்தனையும் செய்வார்.

1947ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் அவர் முதன்முதலில் தொலைக்காட்சியில் தோன்றினார். அது தொலைக்காட்சியின் குழந்தைப் பருவம். சிறிய கோதா, ஓரிரு படப்பிடிப்புக் கருவிகள், குறைந்த செலவு. ஆகவே மற்போர் அப்புதிய ஊடகத்துக்கு ஏற்ற சரக்காயிற்று. ஜார்ஜ் வீடுதோறும் அறிந்த பெயரானார். 1949இல் ஒரு திரைப்படத்தில் நடித்தார். 1951இல் பக்ஸ் பன்னி என்னும் புகழ்பெற்ற முயல் பாத்திரம் வரும் கேலிப்படமொன்று அவரைப் போலவே ஒரு மல்லரைப் படைத்தது.

கூட்டம் கண்டது என்ன?

இனி நான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். ஜார்ஜ் தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று கூறிக்கொண்டவர் அல்லர். இருமுறை மணந்தவர், இருமுறையும் மணமுறிவு கண்டவர், பிள்ளைகளின் தந்தை. ஆயினும் அவர் நடையிலும் உடையிலும் இருந்த பெண்மைச் சாயலைக் கண்டு மக்கள் தாமே ஒரு முடிவுக்கு வந்து ஏசினார்கள். அவர் சுருளை மட்டுமே காட்டினார். பொருளைக் கூட்டம் தந்தது.

அக்காலத்தை நினைத்துப் பாருங்கள். 1953இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் பிறப்பித்த ஆணையொன்றைக் கொண்டு, தன்பாலீர்ப்பாளர் என ஐயுறப்பட்டோர் அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒருவர் தம் பாலுக்கு உரியதல்லாத உடையில் பொது இடத்தில் தோன்றுதல் 1863 முதல் 1974 வரை குற்றமாக இருந்தது. தெருவில் நளினமாக நடந்த எளிய மனிதனுக்குச் சிறைக்கதவு திறந்திருந்த நாட்டில், கோதாவில் நளினமாக நடந்தவருக்குப் பணம் கொட்டியது ஏன்?

என் சிந்தனைக்கு எட்டிய விடை இது. அவர் கெட்டவன் வேடத்தில் இருந்தார். இறுதியில் உதைபடுவார் என்னும் நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைக்கே நுழைவுச்சீட்டு விற்றது. இதில் எனக்கு வருத்தமுண்டு. அங்கியைக் கழற்றினால் ஜார்ஜ் வெறும் வாக்னர், வீட்டுக்குச் சென்றுவிடலாம். கழற்ற இயலாத தன்மையோடு பிறந்தவர்கள் அந்த ஏச்சு ஒலிகளை எங்கிருந்து கேட்டிருப்பார்கள்?

எனினும் இன்னொரு பக்கமும் உண்டு. ஏசிய கூட்டத்தின் நடுவே அவரைப் போற்றிய பெண்கள் பலர் இருந்தனர். கொண்டை ஊசி அணிந்தவர் முரடர்களைப் புரட்டியெடுப்பதைச் சிறுவர்களும் கண்டனர். நளினம் வேறு, வலிமையின்மை வேறு என்பதை அவர் சொல்லாமலே செய்து காட்டினார்.

முடி போன கதை

குடியும் மணமுறிவுகளும் அவர் செல்வத்தைக் கரைத்தன. கலிபோர்னியாவில் வான்கோழிப் பண்ணை நடத்தினார். உணவகமும் மதுக்கூடமும் நடத்தினார். 1959இல் தொரொன்டோ நகரில் விப்பர் பில்லி வாட்சனிடம் தம் முடியைப் பணயம் வைத்துத் தோற்றார். 1962 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்சில் 'டெஸ்ட்ராயர்' என்னும் முகமூடி மல்லரிடம் மீண்டும் தோற்றார். கோதாவிலேயே தலை மழிக்கப்பட்டது, கூட்டம் ஆர்ப்பரித்தது. தோற்றவர்கள் எத்தனையோ பேர். முடியிழக்க வேண்டும் என்று மக்கள் விரும்பியது இவரிடம்தான். அவர்கள் தண்டிக்க விழைந்தது ஏமாற்று வேலையையா, அந்த அழகையா? நான் பின்னதே என்பேன்.

அடுத்த ஆண்டு, 1963 டிசம்பர் 26ஆம் நாள், மாரடைப்பால் அவர் மறைந்தார். அகவை 48.

விட்டுச் சென்றது

1961இல் லாஸ் வேகாசில் 19 வயதுக் குத்துச்சண்டை வீரர் ஒருவர் ஜார்ஜைச் சந்தித்தார். தற்பெருமை பேசு, உன் வாய் அடைபடுவதைக் காணவே மக்கள் திரள்வர் என்னும் பாடத்தை அவரிடம் பெற்றார். அவ்விளைஞர்தாம் பின்னாளைய முகம்மது அலி.

மெக்சிகோவில் 1940களிலேயே கார்டினியா டேவிஸ் என்னும் டெக்சாஸ் மல்லர் கூட்டத்தினருக்குப் பூக்களை வழங்கியபடி கோதா ஏறினார். அவரோடு தொடங்கிய 'எக்சோட்டிக்கோ' மரபில், பின்னாளில் கசாண்ட்ரோ என்பவர் தம் தன்பாலீர்ப்பை மறைக்காமலே போரிட்டு, 1992இல் உலகப் பட்டமொன்றை வென்றார். அமெரிக்காவில் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனத்தின் டேரன் யங், களத்தில் இருக்கும்போதே தம் இயல்பை வெளிப்படையாக அறிவித்தது 2013இல். ஜார்ஜ் மறைந்து ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்து! வேடமாக வந்தபோது பணம் கொடுத்துப் பார்த்த உலகம், மெய்யாக வந்தபோது ஏற்றுக்கொள்ள அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

நண்பர்களே, ஒருவரின் நடையையும் உடையையும் கண்டு நகைப்பது எளிது. நகைக்குமுன், அவர் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகக்கூடியவரா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. அந்த ஒரு கணத்தில் நம் சிரிப்பு அடங்குமாயின், கார்ஜியஸ் ஜார்ஜின் வரலாற்றைப் படித்ததற்கு அதுவே போதிய பயனாகும்.