காந்தத்தை அசைத்தவர்

இலண்டனையொட்டிய நியூவிங்டனில், 1791ஆம் ஆண்டு, கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் மைக்கேல் பாரடே. பதினான்காம் வயதில் நூல் கட்டும் தொழில் பழகச் சென்றவர், கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றார். 1813இல் இராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆய்வக உதவியாளரானார்.

மின்னோட்டம் காந்தத்தன்மை தருமெனில், காந்தமும் மின்சாரம் தரவேண்டுமன்றோ? இவ்வினாவைப் பல்லாண்டு சுமந்தார். கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை வைத்துப் பார்த்தார். கால்வனாமீட்டரின் முள் அசையவில்லை. 1831 அக்டோபர் 17ஆம் நாள் காந்தத் தண்டைச் சுருளுக்குள் விரைந்து செலுத்தினார், முள் துள்ளியது. வெளியே இழுத்தபோது எதிர்ப்புறம் சாய்ந்தது. காந்தம் சும்மா கிடந்தபொழுதோ ஒன்றுமில்லை!

நிலைக்காந்தத்திலிருந்து செலவின்றி மின்சாரம் எடுப்பதாகக் கூறுவோர் இன்றும் உளர். பாரடே கண்டது அதுவன்று. அசைத்த கையின் உழைப்பே மின்சாரமாயிற்று. கல்லணைக் கால்வாய்க் கரையில் இரவில் மிதிவண்டி ஓட்டிய நம் மூத்தோர் இதனைக் கால்களால் அறிவர். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்ததும் மிதி கனக்கும். உள்ளே சுழன்றது சிறு காந்தமே. மேட்டூரில் காவிரிநீர் மின்னாக்கிகளைச் சுழற்றுவதும் இவ்விதிப்படிதான்.

உயர்கணிதம் கல்லாத பாரடே, இறையச்சம் மிக்க எளியவர். இராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடிவந்தும் ஏற்காது, 1867இல் மறைந்தார்.