பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பதவியை விட்டவர்: அனைரின் பெவன்

1951-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரிட்டனில் ஓர் அமைச்சர் பதவி விலகினார். அவர் மீது ஊழல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பிரதமர் அவரை வெளியேற்றவும் இல்லை. பொய்ப்பல் செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் மக்களிடம் பாதி விலை வசூலிக்கலாம் என்று அவருடைய சொந்தக் கட்சியின் அரசாங்கமே முடிவு செய்தது. அதை ஏற்க மறுத்து அவர் வெளியேறினார்.

அவர்தான் அனைரின் பெவன். நெருங்கியவர்கள் அவரை 'நை' என்று அழைத்தார்கள். ஏழை, பணக்காரர் என்ற பேதம் இல்லாமல் எல்லாருக்கும் இலவச மருத்துவம் தரும் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையை உருவாக்கியவர் அவர். அந்தச் சேவை பிறந்தபோது எழுந்த கட்சிச் சண்டையும், அதற்கு யார் பணம் கட்டுவது என்ற வாக்குவாதமும் அவர் வாழ்க்கையின் கடைசி வரை அவரை விடவில்லை.

சுரங்க ஊரின் பிள்ளை

தெற்கு வேல்ஸில் உள்ள ட்ரெடிகர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1897 நவம்பர் 15-ஆம் தேதி பெவன் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் ஆறாமவர். தந்தை டேவிட் சுரங்கத் தொழிலாளி. தாயார் ஃபீபி தையல் வேலை தெரிந்தவர். ஊரின் பிழைப்பு முழுவதும் ஒரே கம்பெனியை நம்பி இருந்தது. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஊரின் வாழ்க்கை அந்நியமாகத் தோன்றாது.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. திக்குவாய் வேறு. 13 வயதில் படிப்பை விட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கினார். ஆனால் புத்தகத்தை விடவில்லை. தொழிலாளர்கள் தங்கள் சந்தாப் பணத்தில் நடத்திய ஊர் நூலகமே அவருடைய உண்மையான பள்ளிக்கூடமாக இருந்தது. ஒரு சொல் நாவில் சிக்கினால் அதே பொருள் தரும் வேறொரு சொல்லைச் சட்டென்று எடுத்துப் பேசப் பழகினார். பிற்காலத்தில் நாடாளுமன்றத்தில் சர்ச்சிலுக்கு ஈடு கொடுத்துப் பேசிய நாவு அப்படித்தான் பழகியது.

தொழிற்சங்கத்தின் உதவியால் 1919-இல் லண்டனில் உள்ள தொழிலாளர் கல்லூரிக்குச் சென்று இரண்டு ஆண்டு படித்தார். ஊர் திரும்பியபோது வேலை இல்லை. சில ஆண்டுகள் வேலையின்றித் திண்டாடினார். அக்காலத்தில் தம் சகோதரியின் சம்பாத்தியத்தில் சாப்பிட வேண்டிய நிலை வந்ததை அவர் ஒருபோதும் மறக்கவில்லை.

1925-இல் தந்தை இறந்தார். சுரங்கத் தூசி நுரையீரலில் படிந்து உண்டான நோய் அவரைக் கொன்றது. மகனின் கைகளிலேயே உயிர் பிரிந்தது. ஆனால் அந்த நோய் அப்போது சட்டப்படி தொழில் சார்ந்த நோய்களின் பட்டியலில் இல்லை. ஆகவே குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை.

ஊரே நடத்திய வைத்திய சங்கம்

ட்ரெடிகரில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. தொழிலாளர்கள் ஒவ்வொரு பவுண்டு சம்பளத்திலிருந்தும் சில பென்ஸ் காசை மருத்துவ உதவிச் சங்கத்துக்குக் கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் மருத்துவர்களை வேலைக்கு வைத்தது. சந்தா கட்டியவருக்கு மட்டுமல்ல, அவர் குடும்பத்துக்கும் வைத்தியம் கிடைத்தது. பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியரான ஏ. ஜே. குரோனின் 1920-களின் தொடக்கத்தில் அங்கு மருத்துவராக வேலை செய்தவர்தான்.

நாட்டின் மற்ற இடங்களில் நிலைமை வேறு. 1911-இல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த காப்புறுதிச் சட்டம் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு மருத்துவரைப் பார்க்க வழி செய்தது. ஆனால் அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதில் இடமில்லை. வீட்டில் இருக்கும் பெண்கள் வலியைப் பொறுத்துக்கொண்டே காலத்தைத் தள்ளினார்கள். மருத்துவரை வீட்டுக்கு அழைத்தால் பணம் கட்ட வேண்டுமே என்ற பயம்தான் காரணம்.

ஊர் மருத்துவமனைக் குழுவில் பணியாற்றிய பெவன் இந்த இரண்டு நிலைகளையும் நேரில் பார்த்தவர். 1929-இல் எப்வேல் தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராக வென்று நாடாளுமன்றம் சென்றார். இறக்கும் வரை அந்தத் தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1934-இல் தம்மைப் போலவே சுரங்கக் குடும்பத்தில் பிறந்த அரசியல்வாதி ஜென்னி லீயை மணந்தார்.

47 வயதில் சுகாதார அமைச்சர்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-இல் பெவரிட்ஜ் அறிக்கை வெளிவந்தது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எல்லாருக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று அது கேட்டது. 1944-இல் கூட்டணி அரசாங்கத்தின் சுகாதார அமைச்சராக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் ஹென்றி வில்லிங்க் அதற்கான வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். அதாவது, இலவச மருத்துவம் வேண்டும் என்பதில் இரு கட்சிகளும் ஓரளவு ஒத்துப்போயின. மருத்துவமனைகள் யார் கையில் இருப்பது என்பதில்தான் மோதல் வெடித்தது.

1945 தேர்தலில் தொழிற்கட்சி பெரும் வெற்றி பெற்றது. பிரதமர் அட்லி 47 வயதான பெவனைச் சுகாதார அமைச்சராக நியமித்தார். அமைச்சரவையிலேயே வயதில் இளையவர் அவர்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்போது தர்ம நிதியில் நடந்த மருத்துவமனைகள் ஒரு பக்கம், நகராட்சி மருத்துவமனைகள் மறுபக்கம் இருந்தன. பல மருத்துவமனைகள் பணமில்லாமல் தள்ளாடின. பணக்கார ஊரில் நல்ல மருத்துவமனை, ஏழை ஊரில் பழைய கட்டடம் என்ற நிலை. பெவன் இவை அனைத்தையும் அரசுடைமையாக்கத் தீர்மானித்தார். மொத்தம் 2,688 மருத்துவமனைகள்.

எதிர்ப்பு முதலில் அமைச்சரவைக்குள்ளேயே கிளம்பியது. லண்டன் மாநகராட்சியை நடத்திப் பழகிய ஹெர்பர்ட் மாரிசன், மருத்துவமனைகள் உள்ளாட்சி மன்றங்களிடமே இருக்க வேண்டும் என்று வாதாடினார். பெவன் விட்டுக்கொடுக்கவில்லை. அட்லி அவர் பக்கம் நின்றார்.

நாடாளுமன்றத்தில் கன்சர்வேட்டிவ் கட்சி மசோதாவை எதிர்த்து வாக்களித்தது. ஊர்மக்கள் நன்கொடையால் வளர்த்த மருத்துவமனைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டால் உள்ளூர்ப் பற்று போய்விடும், தர்மம் வற்றிவிடும், மருத்துவர் அரசாங்கக் குமாஸ்தா ஆகிவிடுவார் என்பது அவர்கள் வாதம். 1946 ஜூலையில் மூன்றாம் வாசிப்பில் 261-க்கு 113 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேறியது. நவம்பரில் சட்டமானது.

மருத்துவர்களோடு இழுபறி

சட்டம் வந்தாலும் மருத்துவர்கள் சேராவிட்டால் சேவை எப்படி நடக்கும்? பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. மாதச் சம்பளக்காரராகிவிடுவோம் என்ற அச்சம் ஒன்று. ஓய்வு பெறும்போது தங்கள் கிளினிக்கை இன்னொரு மருத்துவருக்கு விற்கும் உரிமையை இழக்கிறோம் என்ற கவலை இன்னொன்று. சங்கத்தின் முன்னாள் செயலாளர் ஒருவர் பெவனின் திட்டத்தை ஹிட்லர் ஆட்சியோடு ஒப்பிட்டு எழுதும் அளவுக்குக் கோபம் ஏறியது. 1948 பிப்ரவரியில் மருத்துவர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பேர் சட்டத்தை எதிர்த்தார்கள்.

முரட்டுப் பேச்சாளர் என்று பெயரெடுத்த பெவன் இந்த இடத்தில் பொறுமையோடு பேரம் பேசினார். சிறப்பு மருத்துவர்கள் அரசு மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே தனியார் நோயாளிகளையும் பார்க்கலாம் என்று அனுமதித்தார். கட்டணப் படுக்கைகளுக்கும் இடம் கொடுத்தார். கிளினிக் விற்கும் உரிமைக்கு ஈடாக 66 மில்லியன் பவுண்டு ஒதுக்கினார். புதிய சட்டம் இல்லாமல் குடும்ப மருத்துவர்களை முழுநேரச் சம்பளத்தில் வைப்பதில்லை என்று உறுதி தந்தார். மே மாதம் மறுபடியும் வாக்கெடுத்தபோது எதிர்ப்பு வெகுவாக இறங்கியிருந்தது. பணக்காரருக்குத் தனிப்பாதை திறந்துவிட்டார் என்று சொந்தக் கட்சியின் இடதுசாரிகள் குறை கூறினார்கள். அந்தக் குறையில் உண்மை இருந்தது. அந்தப் பேரம் இல்லாமல் சேவை குறித்த நாளில் தொடங்கியிருக்காது என்பதும் உண்மை.

1948 ஜூலை 5-ஆம் தேதி சேவை தொடங்கியது. மான்செஸ்டர் அருகே ஒரு மருத்துவமனைக்குச் சென்ற பெவன், அங்கு 13 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கட்டிலருகே சந்தித்தார்.

ஆனால் முதல் நாள் மாலை மான்செஸ்டர் கூட்டத்தில் அவர் வாய் தவறியது. வேலையில்லாமல் தவித்த பழைய நாள்களை நினைத்துப் பொங்கி, கன்சர்வேட்டிவ் கட்சியினரை அழுக்குப் பூச்சி புழுக்களுக்கும் கீழாக வைத்துப் பேசிவிட்டார். நாடே கொண்டாட வேண்டிய நாளில் பத்திரிகைகள் அந்தப் பேச்சையே பெரிதாக்கின. சர்ச்சில் அவரை நோய்த்துறை அமைச்சர் என்று கிண்டல் செய்தார். அந்த ஒரு சொல் தொழிற்கட்சிக்கு வாக்குகளை இழக்க வைத்தது என்று அவர் கட்சிக்காரர்களே வருந்தினார்கள்.

கணக்கு எகிறியது

கதவு திறந்ததும் கூட்டம் அலைமோதியது. முதல் ஆண்டில் சுமார் 8.5 மில்லியன் பேர் பல் மருத்துவரிடம் போனார்கள். 5 மில்லியனுக்கும் மேற்பட்ட மூக்குக்கண்ணாடிகள் வழங்கப்பட்டன. கடையில் வாங்கிய மலிவுக் கண்ணாடியோடு காலம் தள்ளிய முதியவர்கள் முதன்முறையாகக் கண்ணைச் சோதித்துக்கொண்டார்கள். ஆண்டுக்கணக்கில் நோயை மறைத்து வைத்திருந்த பெண்கள் மருத்துவரைத் தேடி வந்தார்கள்.

ஒதுக்கிய பணம் போதவில்லை. நாடாளுமன்றத்தில் கூடுதல் நிதி கேட்க வேண்டியதாயிற்று. இது வீண்செலவு, இலவசம் என்றால் தேவையில்லாதவரும் கை நீட்டுவார் என்று எதிர்க்கட்சி சாடியது. இத்தனை காலம் மறைந்து கிடந்த நோய்தான் இப்போது வெளியே வருகிறது, தேங்கிய தேவை தீர்ந்ததும் செலவு நிதானப்படும் என்றார் பெவன். நிதியமைச்சின் நெருக்குதலால் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வசூலிக்க இடம் தரும் சட்டத்திருத்தம் 1949-இல் வந்தது. ஆனால் தொழிற்கட்சி ஆட்சியில் அது அமலுக்கு வரவில்லை.

1950-இல் கொரியப் போர் மூண்டது. மூன்று ஆண்டுகளில் 4,700 மில்லியன் பவுண்டு ஆயுதச் செலவு என்று அரசாங்கம் அறிவித்தது. புதிய நிதியமைச்சர் ஹ்யூ கெய்ட்ஸ்கெல் 1951 ஏப்ரல் வரவு செலவுத் திட்டத்தில் பொய்ப்பல்லுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலை விதித்தார். அந்த ஆண்டு அதனால் மிச்சமாகும் தொகை 13 மில்லியன் பவுண்டு.

பெவன் அப்போது தொழிலாளர் அமைச்சராக மாறியிருந்தார். இவ்வளவு பெரிய ஆயுதச் செலவுக்கு முன் இந்தத் தொகை ஒன்றுமே இல்லை என்று அவர் வாதாடினார். ஒரு முறை கட்டணம் நுழைந்துவிட்டால் அடுத்தடுத்து வரும் என்றும் எச்சரித்தார். செலவுக்கு ஓர் எல்லை வேண்டும், எந்தத் துறைக்கும் விதிவிலக்கு கிடையாது என்பது கெய்ட்ஸ்கெல்லின் நிலை. இருவரும் நேர்மையானவர்கள். இருவரும் பிடிவாதக்காரர்கள். பெவன் பதவி விலகினார். பிற்காலத்தில் பிரதமரான ஹரோல்ட் வில்சனும், ஜான் ஃப்ரீமனும் உடன் விலகினார்கள்.

அந்த ஆண்டு அக்டோபரில் தொழிற்கட்சி ஆட்சியை இழந்தது. கட்சியைப் பிளந்தவர் என்ற பழி பெவன் மேல் விழுந்தது. 1952-இல் கன்சர்வேட்டிவ் அரசாங்கம் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங்கும் பல் சிகிச்சைக்கு ஒரு பவுண்டும் வசூலிக்கத் தொடங்கியது. அவருடைய எச்சரிக்கை பலித்தது. அதேசமயம், திட்டமிட்ட வேகத்தில் அவ்வளவு ஆயுதச் செலவு செய்ய முடியாது என்று சர்ச்சில் அரசாங்கமும் அதைத் தளர்த்தியது.

விசாரணைக் குழுவின் தீர்ப்பு

செலவு கட்டுக்கடங்கவில்லை என்ற குற்றச்சாட்டை ஆராயக் கன்சர்வேட்டிவ் அரசாங்கமே 1953-இல் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் கில்போ தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. சேவையைச் சுருக்கக் காரணம் கிடைக்கும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். 1956-இல் வந்த அறிக்கை வேறு கதை சொன்னது. பெரிய அளவில் விரயம் நடந்ததற்குச் சான்று இல்லை. நாட்டு வருமானத்தில் சேவையின் பங்கு 1949-50-இல் 3.75 விழுக்காடாக இருந்தது, 1953-54-இல் 3.25 விழுக்காடாகக் குறைந்திருந்தது. எதிர்த்து வாக்களித்த கட்சி அதன் பிறகு சேவையைக் கலைப்பது பற்றிப் பேசவில்லை.

1955-இல் கட்சித் தலைவர் தேர்தலில் பெவன் கெய்ட்ஸ்கெல்லிடமே தோற்றார். ஆனாலும் பின்னர் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். 1959-இல் கட்சியின் துணைத் தலைவரானார். அந்த ஆண்டு இறுதியில் வயிற்றுப் புற்றுநோய் தெரியவந்தது. 1960 ஜூலை 6-ஆம் தேதி, சேவையின் 12-ஆம் ஆண்டு நிறைவுக்கு மறுநாள், 62-ஆவது வயதில் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற மருத்துவமனைகளுக்குக் கைகள் தேவைப்பட்டன. அவர் பிறந்த சுரங்கப் பள்ளத்தாக்குகளில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்த மருத்துவர்கள் பலர் கிளினிக் நடத்தினார்கள். 1960, 70-களில் மலேசியாவிலிருந்து தாதியர் பயிற்சிக்குக் கப்பலிலும் விமானத்திலும் சென்ற இளம்பெண்கள் பலர் அதே சேவையில்தான் வேலை கற்றார்கள்.

ட்ரெடிகருக்கும் எப்வேலுக்கும் இடையே உள்ள மேட்டில், அவர் திறந்தவெளியில் தொகுதி மக்களோடு பேசிய இடத்தில், நான்கு பெரிய சுண்ணாம்புக் கற்கள் நிற்கின்றன. நடுவில் உள்ள உயரமான கல் பெவனுக்கு. மற்ற மூன்றும் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மூன்று ஊர்களுக்கு. இலவசம் எது வரை, செலவு எது வரை என்ற வாக்குவாதம் பிரிட்டனில் இன்றும் ஓயவில்லை. மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் கட்டணம் உண்டு. அவர் பிறந்த வேல்ஸில் 2007-இல் அது நீக்கப்பட்டது.