அண்ணலும் அறைத் தோழரும்

பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, 1913-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார் அண்ணல் அம்பேத்கர். அங்கு லிவிங்ஸ்டன் ஹால் என்னும் மாணவர் விடுதியில் அவருடன் ஓரறையில் தங்கியவர் நேவல் பதேனா என்ற பார்சி இளைஞர். அவ்வறையில் வேரூன்றிய நட்பு வாழ்நாள் முழுதும் நிலைத்தது. 1920-இல் அண்ணல் மேற்படிப்பைத் தொடர இலண்டன் புறப்பட்டபோது கடன் கொடுத்து உதவியவரும் அந்நண்பரே.

ஆயின், 1917-இல் பரோடாவில் பணியேற்ற அப்பேரறிஞருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிச் சத்திரம் ஒன்றில் தங்கியிருந்தவரைத் தடியேந்தி வந்தோர் வெளியேற்றினர். ஒரு விடுதி தந்த தோழமையையும், ஒரு சத்திரம் தந்த இழிவையும் அண்ணல் ஒருசேர அறிந்திருந்தார்.

1924-இல் அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, 1925-இன் தொடக்கத்தில் சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட மாணவர்க்கு விடுதி திறந்தது. பின்னர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தையும் நிறுவினார்.

விடுதிகளில் தங்கிப் பயிலும் நம் இளைஞர்களே! ஊரைப் பிரிந்து கலங்கி வரும் புதிய தம்பியை முதல் நாளே அருகில் அமர்த்தி உண்ணுங்கள், அறிந்த பாடத்தைச் சொல்லிக் கொடுங்கள், நோயுற்றால் உடனிருங்கள். அண்ணலுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவேயாகும்.