பொனாரின் வாதுமை மரம்

கலைஞன் ஒருவனை எந்தக் கோல்கொண்டு நிறுப்பது என்னும் வினா, பாடஞ் சொல்லும் எம்போல்வார்முன் நாள்தோறும் வந்து நிற்பது. காலத்தின் பெருந்துயரைப் பேசாது இனிமை ஒன்றையே நாடும் கலை ஆழமற்றது என்று யானும் நெடுநாள் கருதியிருந்தேன். மாணவர்க்கும் அவ்வாறே சொல்லிவந்தேன். அக்கருத்தைத் தளர்த்தியவர் பிரெஞ்சு ஓவியர் பியேர் பொனார்.

பாரிஸ் நகரை அடுத்த ஊரொன்றில் 1867ஆம் ஆண்டு பிறந்த அவர், தந்தையார் விருப்பின்படி சட்டம் பயின்றார். ஆயினும் சாம்பேன் மதுவுக்கு விளம்பரம் ஒன்றை வரைந்து விற்றபின், ஓவியமே தம் தொழிலெனத் துணிந்தார். 1893இல் மார்த் என்னும் நங்கையைக் கண்டார். அவளோடு வாழ்ந்து, 1925இலேயே முறைப்படி மணந்தார். மறு ஆண்டு தென்பிரான்சில் லெ கன்னே என்னும் ஊரில் சிறு வீடொன்று வாங்கினார்.

அவ்வீடே அவர்க்கு உலகமாயிற்று. உணவுமேசை, பழக்கூடை, சாளரம், நீராடும் மனைவி ஆகியவையே அவர் வரைந்தவை. பொருளை எதிரே வைத்து வண்ணந் தீட்டுவது அவர் வழக்கமன்று. பென்சிலாற் சிறு குறிப்பெடுத்து, பின்னர் நினைவினின்றே தீட்டுவார். துணியைச் சட்டத்திற் கட்டாது சுவரில் அறைந்து, ஒன்றைவிட்டு ஒன்றாகப் பல ஆண்டுகள் திருத்துவார். அரும்பொருளகத்தில் தொங்கிய தம் ஓவியத்தையே, காவலர் அறியாவண்ணம் திருத்தினார் என்றும் சொல்வர்.

உலகப்போரின் நடுவே, 1942 சனவரியில் மார்த் இறந்தாள். போர்க்களத்தையோ சாவையோ அவர் வரையவில்லை. முன்னர்த் தொடங்கிய நீராட்டு ஓவியத்தையே தொடர்ந்து தீட்டி 1946இல் முடித்தார். இறந்து நான்காண்டு கழிந்தவள் அதில் இளமை மாறாது நீரிற் கிடக்கிறாள். இதனை அறிந்தபோது, இவர் துயரைப் பேசாதவர் என்று சொல்ல என் நா எழவில்லை.

அவரது இறுதி ஓவியம், தோட்டத்தில் நின்ற வாதுமை மரம். 55 சதமமீற்றர் உயரமே உடைய அதன் அச்சுப்படியை யான் கண்டுள்ளேன்: நீலவானத்தை மறைத்துச் செறிந்த வெண்பூக்கள்; கீழே சிறிது நிலம். இடப்பக்க மூலையிலிருந்த பச்சை பொருந்தவில்லை என்று, நோயுற்றுக் கிடந்த பொனார்க்குப் பட்டது. தம் கை தளர்ந்தமையால் மருகரின் துணைகொண்டு அதனை மஞ்சளாக மாற்றுவித்தார். சில நாளில், 1947 சனவரி 23இல், உயிர்நீத்தார்.

அவ்வாண்டே செர்வோஸ் என்னும் விமரிசகர், பொனார் பெரும் ஓவியர்தாமா என வினவி, எளிதும் இனிதுமானவற்றை விரும்புவோரே அவரைப் போற்றுவர் என எழுதினார். அதைக் கண்டு சினந்த மத்தீஸ் என்னும் ஓவியர், பொனார் இன்றைக்கும் வருங்காலத்துக்கும் பெரும் ஓவியரே என்று அக்கட்டுரையின் மீதே எழுதிக் கையொப்பமிட்டார்.

செர்வோஸ் எழுதியது ஒருகாலத்தில் என் கருத்துமாம். இன்று மாணவர் வினவின், கலைஞன் எதனை வரைந்தான் என்பதோடு நில்லாது, எவ்வளவு நேரம் அதனை விட்டகலாது நின்றான் என்றும் பாருங்கள் என்பேன். சாகுந் தறுவாயில் ஒரு மூலைப் பச்சையைப் பொறாத மனத்தை ஆழமற்றதென நிறுக்க என்னிடம் கோல் இல்லை.