கோவில் இல்லாத திருச்சபையைத் தேடி வந்தவர்

கோவாவின் பெனவுலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் யோசப் வாஸ் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதானபோது கொழும்பும், ஏழு வயதானபோது யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறின. கடலுக்கு அப்பால் நிகழ்ந்த அந்த ஆட்சி மாற்றம் தம் வாழ்வின் திசையைத் தீர்மானிக்கப் போகின்றது என்பதை அச்சிறுவன் அறிந்திருக்க வழியில்லை.

ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்களே, ஆயினும் கல்வீனின் வழிவந்த சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கரைத் தம் பகைவரான போர்த்துக்கேயரின் நிழலாகவே அவர்கள் கண்டனர். குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போர் மரண தண்டனைக்கு உரியவர் என்று 1658ஆம் ஆண்டிலேயே கட்டளை பிறந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பங்குக் கோவில்கள் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. திருமுழுக்கும் திருமணமும் அவர்களுடைய தோம்பில் பதிவானால்தான் சட்டப்படி செல்லும்; பதிவில்லாத பிள்ளை முதுசம் கேட்டு நிற்க முடியாது. ஆகவே கத்தோலிக்கர் பலர் ஞாயிறு தோறும் ஒல்லாந்தப் போதகரின் முன் அமர்ந்து எழுந்துவிட்டு, வீடு திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை உண்டோ என்பது ஐயமே.

இந்நிலை ஏறத்தாழ 30 ஆண்டுகள் நீடித்தது. குருவானவர் இல்லை, கோவில் இல்லை, திருப்பலி இல்லை. அப்படியாயின் அந்நாட்களில் இலங்கையில் திருச்சபை இருந்ததா?

இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின் திருச்சபை என்னும் சொல்லின் வேருக்குச் செல்ல வேண்டும். புதிய ஏற்பாட்டில் வரும் எக்ளேசியா என்னும் கிரேக்கச் சொல் அழைக்கப்பட்டு ஒன்றுகூடியோரைக் குறிக்கின்றது. கிரேக்க நகரங்களில் குடிமக்கள் கூடிய பேரவைக்கு வழங்கிய பெயர் அது. சீனாய் மலையடியில் ஆண்டவர் திருமுன் கூடிநின்ற இஸ்ரயேலரைச் சுட்டும் காகால் என்னும் எபிரேயச் சொல்லையும், கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் பல இடங்களில் எக்ளேசியா என்றே எழுதினர். நற்செய்தியாளர் நால்வருள் மத்தேயு மட்டுமே இச்சொல்லைக் கையாளுகின்றார். அதுவும் இரண்டே பகுதிகளில்: பேதுரு என்னும் பாறைமேல் ஆண்டவர் தம் திருச்சபையைக் கட்டப்போவதாக அறிவிக்கும் 16ஆம் அதிகாரத்திலும், சகோதரருக்கிடையிலான பிணக்கைத் தீர்க்கும் வழியைச் சொல்லும் 18ஆம் அதிகாரத்திலும். புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலேனும் அச்சொல் ஒரு கட்டடத்தைக் குறிக்கவில்லை.

முதல் கிறிஸ்தவர்களிடம் கோவில்கள் இருக்கவுமில்லை. எருசலேமில் பேதுரு சிறையிலிருந்து விடுபட்டு வந்து கதவைத் தட்டியது மாற்கு எனப்படும் யோவானின் தாய் மரியாவின் வீட்டில். பிரிஸ்காவும் அக்கிலாவும் தங்கள் இல்லத்தில் சபையைக் கூட்டினர். பிலமோனின் வீட்டிலும் நிம்பாவின் வீட்டிலும் சபைகள் கூடியதைப் பவுலின் பெயரால் வழங்கும் திருமுகங்கள் காட்டுகின்றன. தமிழில் நமக்கு வசதியாகவே இரு சொற்கள் உள்ளன: மக்களுக்குத் திருச்சபை, கட்டடத்திற்குக் கோவில். எனினும் நம் வீட்டுப் பேச்சில் இரண்டாவது முதலாவதை விழுங்கிவிட்டது.

ஆகவே குருவும் கோவிலும் இன்றி இருந்த அந்த மக்களும் திருச்சபையே. மாந்தையில் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சில 1670ஆம் ஆண்டளவில் தங்கள் அன்னையின் திருச்சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் மருதமடுவுக்குச் சென்ற வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிவர். அக்குடும்பங்கள் நடந்தபோது திருச்சபை அவர்களோடு நடந்தது. ஆனால் இங்கே ஒரு குறையையும் மறைக்கலாகாது. திருத்தூதர் கற்பித்தவை, நட்புறவு, அப்பம் பிட்குதல், இறைவேண்டல் ஆகிய நான்கிலும் தொடக்கக் கிறிஸ்தவர்கள் நிலைத்திருந்ததாகத் திருத்தூதர் பணிகள் நூலின் 2ஆம் அதிகாரம் கூறுகின்றது. நம் முன்னோரிடம் நட்புறவும் செபமும் இருந்தன. பாட்டிமார் சொல்லிக்கொடுத்த மட்டில் திருத்தூதர் கற்பித்தவையும் இருந்தன. அப்பம் பிட்குவதற்கு ஆள் இல்லை. அழைக்கப்பட்ட மக்கள் பந்தியில் அமர்ந்திருந்தார்கள், பரிமாறுவாரில்லை. யோசப் வாஸ் இந்நாட்டுக்கு வந்த காரணம் முழுவதும் இதற்குள் அடங்கும்.

கொங்கணி பேசும் பிராமண குலக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், கோவாவில் மெய்யியலும் இறையியலும் கற்று 1676ஆம் ஆண்டு குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதன்பின் ஏழைகளைப்போல வெறுங்காலோடு நடக்கலானார். மறு ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் தம்மைத் தேவதாயின் அடிமையாக எழுத்து மூலம் கையளித்தார். இலங்கையில் ஆயனில்லா ஆடுகளாகக் கத்தோலிக்கர் தவிக்கும் செய்தி அவர் செவிக்கு எட்டியதும் அங்கே செல்லத் துடித்தார். ஆனால் மேலிடம் அவரைக் கன்னட நாட்டுக்கு அனுப்பியது. 1681 முதல் 1684 வரை மங்களூர்ப் பகுதியில் அவர் பணியாற்றியபோது, போர்த்துக்கல் மன்னரின் உரிமைக்கு உட்பட்ட குருக்களுக்கும் உரோமையிலிருந்து நேரடியாக அனுப்பப்பட்டோருக்கும் இடையே அதிகாரப் பிணக்கு முற்றியிருந்தது. வெளிப்பகை இல்லாத இடத்தில் உட்பகை திருச்சபையை என்ன செய்யும் என்பதை அவர் அங்கே கண்டார்.

கோவா திரும்பியவர் 1685ஆம் ஆண்டு சில இந்தியக் குருக்களோடு சேர்ந்தார். அவர்கள் தொடங்கியிருந்த ஒரத்தோரியன் குழுவுக்கு அவரே தலைவரானார். ஐரோப்பிய முகம் ஒல்லாந்தரின் காவலைக் கடந்து செல்ல முடியாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். தலைவர் பொறுப்பை விட்டு விலகி, யோவான் என்னும் பணியாளரோடு தூத்துக்குடி வந்து, 1687ஆம் ஆண்டு பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார்.

இறங்கியதும் வரவேற்றது வயிற்றுக்கடுப்பு. ஒதுக்குப்புறத்தில் சாகக் கிடந்தவருக்கு ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து உயிர் காத்தார் என்பர். நலம் பெற்றபின் அவர் செய்தது விசித்திரமான வேலை. கழுத்தில் செபமாலையை வெளிப்படையாக அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். யார் முகம் சுளிக்கின்றார், யார் கண் அந்த மாலையில் ஒரு கணம் தங்கி நிற்கின்றது என்று பார்த்துக்கொண்டே நடந்தார். இப்படித்தான் திருச்சபையை அவர் கண்டுபிடித்தார். இடிந்த கோவிலின் சுவரைத் தேடவில்லை. ஒரு மாலையை அடையாளம் கண்டு தடுமாறும் கண்களைத் தேடினார். நம்பிக்கைக்குரிய ஒரு குடும்பம் முதலில் அகப்பட்டது. பின்னர் செய்தி காதோடு காதாகப் பரவியது.

உறுதி குன்றாத கத்தோலிக்க ஊராகிய சில்லாலை அவருக்கு இருப்பிடம் தந்தது. பகலில் மறைந்திருந்து, இருள் விழுந்தபின் வீடுகளில் திருப்பலி நிறைவேற்றினார். ஆண்டுக்கணக்கில் நற்கருணை காணாத முதியோர் அந்தத் திண்ணைகளில் முழந்தாளிட்டிருப்பார்கள். திருப்பலி என்றால் என்னவென்றே அறியாமல் வளர்ந்து பிள்ளை பெற்றவர்களும் அவர்களோடு இருந்திருப்பார்கள். அதே சில்லாலை உட்பட்ட வலிகாமத்து மக்கள் 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் ஒரே இரவில் ஊர்களைவிட்டு எழுந்து நடந்தபோதும், தங்கள் கோவில்களைத் தூக்கிச் செல்ல முடியவில்லை. பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் மாடி வீட்டின் ஒற்றை அறையில் மாலைச் செபத்துக்குக் கூடிய குடும்பங்களுக்கு, வாஸ் அடிகளாரின் இந்த ஆண்டுகளை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் திருப்பலிக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படையினர் சுற்றி வளைத்தனர். அடிகளார் தப்பினார், மக்களில் நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். கசையடியும் சிறையும் தொடர்ந்தன; உயிர் நீத்தாரும் உண்டு. தம்மை மறைத்த குற்றத்துக்காகவே அவர்கள் அடிபட்டார்கள் என்பது அவர் நெஞ்சை எவ்வளவு அறுத்திருக்கும்! தம்மால் மேலும் தொல்லை நேராதபடி அவர் புத்தளத்துக்கும், அங்கிருந்து 1692ஆம் ஆண்டு கண்டி இராச்சியத்துக்கும் சென்றார்.

கண்டியில் அவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று கோள் மூட்டப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். சிறைக்காவல் சற்றுத் தளர்ந்ததும், கிடைத்த இடத்தில் ஓலைக் குடிசை ஒன்று அமைத்துப் பீடம் எழுப்பினார். இரண்டாம் விமலதர்மசூரியன் என்னும் பௌத்த மன்னன் அவருடைய வாழ்க்கையைக் கவனித்தறிந்து, தன் நாட்டில் தடையின்றிப் பணிபுரிய அனுமதித்தான். கடும் வறட்சியில் மன்னன் கேட்டுக்கொண்டபடி அவர் வெளியிடத்தில் பீடம் அமைத்துச் செபிக்க மழை பொழிந்தது என்பது கண்டி மரபு. கிறிஸ்தவரால் துரத்தப்பட்ட கிறிஸ்தவருக்குப் பௌத்த அரசன் ஒருவன் நிழல் கொடுத்தான். இதை இந்நாட்டுக் கத்தோலிக்கர் மறக்கலாகாது.

1697ஆம் ஆண்டு கண்டி நகரை அம்மை நோய் வாட்டியது. அரசனும் வசதியுள்ளோரும் தலைநகரை விட்டு நீங்கினர். நோயுற்றோரைச் சொந்தக் குடும்பத்தாரே காட்டில் விட்டு ஓடினர். அடிகளாரும் அவருடைய மருமகனாகிய யோசப் கர்வாலோ அடிகளாரும் நகரில் தங்கினர். கைவிடப்பட்டோருக்குக் குடிசைகள் அமைத்து, புண்ணைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். யார் கத்தோலிக்கர், யார் பௌத்தர் என்று அவர்கள் கேட்கவில்லை. வீடு வீடாகச் செபமாலையைக் காட்டித் தம் மக்களைத் தேடியவர், இப்போது எந்த அடையாளமும் கேளாமல் எல்லாரையும் தம் மக்களாகக் கொண்டார். திருச்சபை என்னும் சொல்லின் பொருள் அவர் கையில் விரிந்தது இங்கேதான் என்று நான் கருதுகின்றேன்.

கோவாவிலிருந்து துணைக் குருக்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். 1705ஆம் ஆண்டு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி, புத்தகமின்றி இருந்த மக்களுக்கு வாசிப்பும் செபமும் அளித்தார். ஒல்லாந்தரின் கோட்டை நகராகிய கொழும்புக்குள்ளும் வாஸ் அடிகளார் மறைவாக வந்து போனார். ஆயினும் ஒரு குருவானவர் ஓர் ஊருக்கு ஆண்டில் சில நாட்களே வர முடியும். ஆகவே ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியாரும் ஞாயிறு செபத்தை நடத்தினர், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டினர், சாகும் தறுவாயில் இருப்போரின் அருகில் அமர்ந்தனர். பொதுநிலையினரின் பங்கு பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1960களில் விரிவாக எடுத்துரைத்ததை, வேறு வழியின்றியே நம் முன்னோர் அதற்கு இரண்டரை நூற்றாண்டுகள் முன்னர் வாழ்ந்துகொண்டிருந்தனர். அடிகளாரை ஆயராக்கும் முயற்சியும் நடந்தது, அவர் இணங்கவில்லை.

அவர் பிறந்த ஏப்ரல் 21ஆம் நாளே 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறாக அமைந்தது. அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் என்ன நிகழ்ந்தது என்பதை இப்பத்தியில் விவரிக்க வேண்டியதில்லை. அதனைத் தொடர்ந்து கொழும்பில் ஞாயிறுத் திருப்பலிகள் வாரக்கணக்கில் நின்றன. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் குடும்பங்கள் முழந்தாளிட்டன. அப்பம் பிட்கப்படுவதைப் பார்க்க முடிந்தது, உண்ண முடியவில்லை. சில வாரப் பசியே நமக்கு அவ்வளவு கனத்தது என்றால், 30 ஆண்டுப் பசியோடு ஒரு பிச்சைக்காரனுக்குக் கதவைத் திறந்த யாழ்ப்பாணத்து மக்களைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

உடல் தளர்ந்தும் கிராமப் பயணங்களை விடாதிருந்த வாஸ் அடிகளார், 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் தமது 59ஆம் வயதில் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அவர் வந்தபோது ஒரு குருவும் இல்லாதிருந்த இத்தீவில் அப்போது ஏறத்தாழ 70,000 கத்தோலிக்கர் இருந்தனர் என்பர். ஒல்லாந்தர் ஆட்சி முடிந்து, 1806ஆம் ஆண்டு பிரித்தானியர் கத்தோலிக்கருக்குச் சமய உரிமை வழங்கும் வரை அந்த மக்கள் தாக்குப்பிடித்தார்கள். 1995ஆம் ஆண்டு ஜனவரி 21இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை அருளாளராகவும், 2015ஆம் ஆண்டு ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராகவும் கொழும்புக் காலிமுகத்திடலில் அறிவித்தனர். இரண்டு முறையும் கூரையற்ற வெளியிலேதான் மக்கள் கூடினார்கள்.

கண்டியில் அவர் பணியாற்றிய கோவிலிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அக்கோவில் காலத்தால் அழிந்துபோயிற்று. அவருடைய கல்லறை இருந்த இடம் எதுவென்று இன்று எவராலும் சுட்டிக்காட்ட இயலவில்லை.